மதியிறுக்கம் மரபுவழி வருவதா?

பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத, முகம் நோக்காத மழலையைக் கண்டால், "யார் வழியில் வந்தது?" என்னும் வினா எழுகின்றது. இராசபாளையமாயினும் திருவில்லிபுத்தூராயினும் அவ்வினா பெரும்பாலும் தாயையே சுடுகின்றது. ஆதலின், ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் குறித்து அறிவியல் கூறும் விடையை நாம் ஆய்ந்து காண்போம்.

1943இல் லியோ கானர் 11 குழந்தைகளிடம் இந்நிலையைக் கண்டு விளக்கினார். பின்னர், பெற்றோரின் அன்பின்மையே காரணம் எனும் பழி பரவிற்று. 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளுள் 4இல் இருவருக்குமே இந்நிலை இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றிலும் அவ்வாறில்லை. வளர்ப்பு மட்டுமே காரணமெனில் இவ்வேறுபாடு தோன்றாது. 2019இல் வெளிவந்த ஐந்து நாட்டு ஆய்வு, மக்களிடையே இந்நிலையில் காணும் வேறுபாட்டில் மரபின் பங்கை ஏறத்தாழ 80 விழுக்காடு என மதிப்பிட்டது.

எனின், பெற்றோருள் ஒருவர் அப்படியே வழங்கினார் என்பதா? அன்று. சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவத் துணி ஓரிழையால் ஆவதன்று. அதுபோல், நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இதில் பங்குகொள்கின்றன. தாய்வழி இழையும் தந்தைவழி இழையும் கலக்கின்றன. சிலரிடமோ, பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய மாற்றம் தோன்றுகின்றது. உடன்பிறந்தாருக்கு வாய்ப்பு மிகுதி. எனினும் ஐவருள் ஏறத்தாழ நால்வருக்கு வருவதில்லை.

ஆகவே, தாயைத் தூற்றுவதும் தமக்கையின் திருமணப் பேச்சைத் தடுப்பதும் அறியாமையே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குழந்தைகளின் உரிமையை ஏற்கின்றது. பழி பேசும் பொழுதை அவர்தம் பயிற்சிக்கு ஈவோம்.