தாய்மொழிக் கட்டம்

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிவிட்டால் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் இல்லங்களில் மதிப்பெண்ணைத் தவிர வேறு பேச்சே இராது. பெற்றோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டுகிறோம்.

1932-இல் மாதுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1960-இல் சயானில் கல்லூரி கண்டது. இதுபோல் மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் இளநிலைக் கல்லூரிகளில் 50 விழுக்காடு இடங்கள் அச்சிறுபான்மையினர்க்கு உரியவை. ஆயின் தமிழர் என்று வாயால் சொன்னால் போதாது. பள்ளி தரும் லீவிங் சர்ட்டிபிகேட்டில் தாய்மொழிக் கட்டத்தில் ‘தமிழ்’ என்றிருத்தல் வேண்டும். முதல் வகுப்பில் சேர்த்த நாளில் யாரோ அவசரத்தில் எழுதியதே இறுதிவரை தொடர்கிறது. அவ்விடத்தில் இந்தி என்றும், மராத்தி என்றும், சிலவற்றில் வெறுமையாகவும் நிற்கக் கண்டிருக்கிறோம். ரயில்வே அலுவலகத்தில் காகிதங்களோடு காலந்தள்ளும் எமக்கு ஒரு சொல்லின் விலை தெரியும்!

பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே தலைமையாசிரியரிடம் எழுதிக்கொடுத்துத் திருத்துவது எளிது. பள்ளியை விட்டபின் அதே திருத்தத்திற்கு அலைச்சல் பெரிது. சேர்க்கைக் காலமோ சில வாரங்களே. 2025 முதல் மாநிலம் முழுவதற்கும் சேர்க்கை இணைய வழியே நடைபெறுகிறது. அதில் சிறுபான்மை ஒதுக்கீட்டிற்குத் தனியே விருப்பம் தெரிவித்தல் வேண்டும். பொதுப் பிரிவில் விண்ணப்பித்தது அதற்கும் சேரும் என்று இருந்துவிடலாகாது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையுள்ள வீட்டார் இம்மாதமே பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து வரலாம். பெயரும் பிறந்த தேதியும் அதே பக்கத்தில்தான் இருக்கும். அவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்க.