பின்பாட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார்

நன்றாகப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரிடம், "எப்படி நடத்துகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பாடக்குறிப்பில் இருப்பதைத்தான் சொல்வார்: கற்றல் விளைவு, துணைக்கருவி, மதிப்பீடு. மூன்றாவது வரிசைப் பையனின் முகம் மாறியதைப் பார்த்ததும், போட்டுக்கொண்டிருந்த கணக்கைப் பாதியில் விட்டு வேறு கணக்குக்குத் தாவினாரே, அது எந்தக் குறிப்பிலும் இருக்காது. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றால், "தோணிச்சு, செஞ்சேன்" என்பார். மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவருக்கே சொல்லத் தெரியாது.

அமெரிக்காவில் டொனால்ட் ஷோன் என்பவர் 1983இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். தொழில் தெரிந்தவர்கள் படித்த கோட்பாட்டை எடுத்து வந்து வேலையின் மேல் பொருத்துவதில்லை. கை வேலையில் இருக்கும்போதே யோசித்து அங்கேயே மாற்றிக்கொள்கிறார்கள் என்றார். ஆசிரியர் பயிற்சியில் இன்றும் அவர் பேச்சு அடிபடுகிறது. எனக்கு அது விளங்கியது கூத்தை வைத்துத்தான்.

நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகோடியில், செய்யாறு பக்கம் இருக்கிறது புரிசை. நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான், 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட கண்ணப்ப சம்பந்தன் என்று தலைமுறைகளாகத் தெருக்கூத்து ஆடும் குடும்பத்தின் ஊர். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கு வேர் தேடி வந்து நின்றது இவர்களிடம்தான்.

மரக்கட்டை கிரீடமும் அணிகளும் பூண்ட கட்டை வேஷம், கூத்தின் ஆடுகளமான களரிக்குள் வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். மேலே கிரீடத்தின் நுனி. பாட்டு ஏறும், முகவீணை கூடவே ஏறும். முகத்தை எப்போது காட்டுவது, எத்தனை கிறுகி சுற்றுவது என்பதெல்லாம் அன்றைய கூட்டத்தைப் பார்த்து முடிவாகும். நள்ளிரவு தாண்டிச் சனம் சாய்ந்து படுத்தால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் உள்ளூர்ச் சங்கதி ஒன்றை இழுப்பான். கிழக்கு வெளுக்கப் போகிறதென்றால் பாட்டு சுருங்கும்.

இதையெல்லாம் பின்னால் நின்று பின்பாட்டுப் பாடுகிறவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவரே வேஷம் கட்டி வருவார். இப்போது ஆடியவர் பின்பாட்டுக்குப் போவார். திரை பிடிக்கும் பொடியனும் பார்க்கிறான். விடிந்தபின் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைக்கும்போது பேச்சு வரும்: "அந்த எடத்துல ஏண்டா தாளத்த விட்ட?" திட்டுவதுபோல இருந்தாலும், ஆடியவனுக்குத் தான் செய்தது என்ன என்று அப்போதுதான் தெரிகிறது. தோணிச்சு, செஞ்சேன் என்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அடுத்த களரியில் அதைத் தெரிந்தே செய்வான், அல்லது தெரிந்தே விடுவான்.

ஆசிரியருக்கு இந்த வாய்ப்பு இல்லை என்பதுதான் என் வருத்தம். முப்பது வருஷம் பாடம் நடத்தியவரின் வகுப்பைப் பக்கத்து அறை ஆசிரியர் ஒரு முறைகூடப் பார்த்திருக்க மாட்டார். பார்க்க வருபவர் அதிகாரி. அவர் வரும் நாளில் பாடம் வேறு மாதிரி நடக்கும், பேச்சும் பதிவேட்டைப் பற்றித்தான் இருக்கும். தன் வேலையைத் தானே புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசிரியரிடம் எல்லோரும் சொல்கிறார்கள். தனியாக உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதினால் அது வந்துவிடாது. அதே தொழில் செய்கிற இன்னொருவரின் கண் வேண்டும்.

ஜப்பானில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நீண்ட காலமாகவே இதைச் செய்கிறார்கள். பாடத்தைச் சேர்ந்தே திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் சுவரோரமாக நின்று குழந்தைகளைப் பார்ப்பார்கள், முடிந்ததும் பேசுவார்கள். திட்டம் எல்லோருடையதும் என்பதால் நடத்தியவர் மேல் பழி விழுவதில்லை.

நம்மிடம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் இருக்கிறது. அதில் கருத்தாளர் பேசும் நேரத்தில் ஒரு பகுதியை எடுத்து, பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரே ஒரு நிஜப் பாடம் நடத்தலாம். பார்க்கிறவர்கள் மதிப்பெண் போடக் கூடாது, படிவம் நிரப்பக் கூடாது. "அந்தப் பையனிடம் போய்ச் சட்டென்று நின்றீர்களே, ஏன்?" என்று கேட்டுவிட்டு, அவர் யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.