நாண் உரசும் தடம்

பெரும்பாலான குறுக்குவில்களில், விசையை அழுத்தியதும் நாண் காற்றில் பாய்வதில்லை. அம்பு கிடக்கும் நீண்ட தடத்தின் மேல் உரசிக்கொண்டே ஓடுகிறது. அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் வில்கள் பலவற்றின் இழுவிசை 70 கிலோவைத் தாண்டும்; அம்பு நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் பறக்கும். அந்த வேகத்தில் உலர்ந்த தடம் நாணை அரம்போல் அராவிவிடும்.

அதனால்தான் நாணின் நடுவில் காப்பு நூலை நெருக்கமாகச் சுற்றியிருக்கிறார்கள். தேய்மானத்தை முதலில் தாங்குவது அதுதான். தடத்துக்கென்றே விற்கும் எண்ணெயில் ஓரிரு சொட்டு விட்டு, விரலால் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். தாராளமாக ஊற்றினால் கெடுதல்: வழியும் எண்ணெய் விசைப்பெட்டிக்குள் இறங்கி, தூசியைச் சேர்த்துப் பிசுபிசுக்கும்.

மெழுகின் இடம் வேறு. காப்பு நூல் இல்லாமல் இழைகள் வெளியே தெரியும் பகுதிக்குத்தான் அது. பூசிவிட்டு இரு விரல்களால் வேகமாகத் தேய்த்தால், அந்தச் சூட்டில் இளகி இழைகளுக்குள் ஊறும். மெல்லிய பிசிறு தட்டினால் மெழுகு கேட்கிறது என்று பொருள். இழை அறுந்திருந்தால் நாணையே மாற்ற வேண்டும்.

இத்தனையும் நாண் தளர்ந்திருக்கும்போது மட்டுமே. அதைத் தளர்த்துவதற்காக அம்பில்லாமல் விசையை அழுத்தவே கூடாது. அம்பு வாங்கிச் செல்ல வேண்டிய ஆற்றல் வில்லின் கைகளிலேயே இறங்கி அவற்றைப் பிளந்துவிடும்.