கலச்சுவரின் புறத்தே ஒரு புரதம்

தொண்டை அழற்சியை விளைவிக்கும் ஸ்ரெப்ரோகொக்கஸ் பையோஜெனிஸ் என்னும் பற்றீரியா, தான் சுரக்கும் புரதங்கள் சிலவற்றைச் சூழலில் கலக்கவிடாது தன் கலச்சுவரிலேயே பிணைத்துக்கொள்கின்றது. அப்பிணைப்பை நிகழ்த்துவது சோர்ட்டேஸ் என்னும் நொதியமாகும். இவ்வாறு மயிரிழைபோல் புறத்தே நீண்டுநிற்பனவற்றுள் ஒன்றே, 1928இல் றெபேக்கா லான்ஸ்பீல்ட் விவரித்த ‘எம்’ புரதம். வெண்குருதிக் கலங்கள் பற்றீரியாவை விழுங்காதவாறு இது காக்கின்றது.

இப்புரதத்தின் சில பகுதிகள் இதயத் தசைப் புரதத்தை ஒத்தவை. ஆதலின், இதற்கெதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகள் சிலரில் இதயத்தையும் தாக்குகின்றன. மூட்டுவாதக் காய்ச்சலும் இதய வால்வுச் சிதைவும் இவ்வழியே தோன்றுவதாகக் கருதப்படுகின்றது.

தொண்டை அழற்சிக்கு உரிய வேளையில் பெனிசிலின் கிடைப்பின் தடுக்கத்தக்க இந்நோய், நெருக்கமான வறிய குடியிருப்புகளிலேயே பெரிதும் நிலைத்திருக்கின்றது. புரதத்தின் அமைப்போடு வாழ்நிலையின் அமைப்பையும் நாம் ஆராய்தல் வேண்டும்.