மூலை மழுங்கிய மலை

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீட்டின் மேல் இறங்கியது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அன்றிலிருந்து கிரிவலம் போய்வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சரிவெங்கும் குந்தியிருக்கும் அந்த உருண்டைப் பாறைகள் எல்லாம் உச்சியிலிருந்து உருண்டு வந்தவையா? இன்னும் எத்தனை வரும்?

பெரும்பாலானவை எங்கிருந்தும் வரவில்லை. நிற்கிற இடத்திலேயே, மண்ணுக்கு அடியில் உருண்டையானவை அவை. இதைப் புரிந்துகொண்டால் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

அதற்கு முன் சில பெருமைப் பேச்சுகளை ஓரமாக வைத்துவிடலாம். அண்ணாமலை அவிந்துபோன எரிமலை என்று கைப்பேசிகளில் சுற்றும் செய்தி சரியல்ல. தரைக்கு மேல் வந்து சட்டென்று ஆறும் எரிமலைக் குழம்பில் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக இருக்கும். இங்குள்ள பாறையை உடைத்தால் மணிமணியாகப் பிரித்துப் பார்க்கலாம். பல கிலோமீட்டர் ஆழத்தில் மெல்ல மெல்ல ஆறியதன் அடையாளம் அது. ‘உலகிலேயே பழைய மலை’ என்பதும் நிற்காது. இந்த வட்டாரப் பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. கர்நாடகத்தில் 300 கோடியைத் தாண்டியவை உண்டு, கனடாவில் 400 கோடியைத் தொட்டவை உண்டு. மேலும், பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு. ஆழத்தில் கிடந்த பாறையின் மேலிருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகுதான் இன்று நாம் வணங்கும் வடிவம் வெளியே வந்தது. நெருப்பாக நின்ற இறைவன் என்ற நம்பிக்கைக்கு எரிமலைச் சான்று எதுவும் தேவையில்லை.

பாறையின் பெயருக்கும் ஒரு சிறு வரலாறு உண்டு. சென்னைப் பல்லாவரம் பக்கத்துக் கல் ஒன்று கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போனது. 1890-களில் அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், அந்த வகைப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். வட தமிழகத்துக் குன்றுகளில் சார்னோகைட்டும் கிரானைட்டும் நைஸும் கலந்து கிடக்கின்றன. பெயர்கள் வேறானாலும், மழை இவற்றிடம் நடந்துகொள்ளும் விதம் ஏறக்குறைய ஒன்றே.

அந்த விதம்தான் அழகு. மேலே அழுத்திய பாரம் விலகியதும் பாறை லேசாக விரிந்து வெடிக்கிறது. குறுக்கும் நெடுக்கும் மேலும் கீழுமாக விரிசல்கள் ஓட, ஒரே பாறை பெரும் கட்டிகளாகப் பிரிகிறது. மண்ணின் ஊடாகக் கரியமிலவாயுவை ஏற்றிக்கொண்டு இறங்கும் மழைநீர் அந்த விரிசல்களுக்குள் புகுகிறது. கட்டியின் முகத்தை நீர் ஒரு பக்கமிருந்துதான் தாக்க முடியும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து தாக்கும். மூலையை மூன்று பக்கமிருந்தும். ஆகவே மூலை முதலில் போகும், அடுத்து விளிம்பு, கடைசியாக முகம். எந்தச் சதுரக் கட்டியை வைத்தாலும், முடிவில் மிஞ்சுவது உருண்டை.

அச்சு வெல்லத்தை ஒரு டப்பாவில் நெருக்கமாக அடுக்கிச் சொட்டுச் சொட்டாக வெந்நீர் விட்டுப் பாருங்கள். இடுக்குகளில் இறங்கிய நீர் மூலைகளைக் கரைக்கும். சிறிது நேரத்தில் டப்பாவுக்குள் உருண்டைகள் மிதமான இடைவெளியோடு உட்கார்ந்திருக்கும். வடியும் பாகுதான் பாறையிலிருந்து கரைந்து கிணற்று நீரில் சேரும் உப்புகள். பாகை வடிகட்டினால் அடியில் தங்கும் மணல், கரைய மறுக்கும் குவார்ட்ஸ். எங்கெல்லாம் சின்னக் கட்டிகளை அடுக்கினீர்களோ அங்கெல்லாம் சின்ன உருண்டைகள், பெரிய கட்டிகளை அடுக்கிய இடத்தில் பெரியவை: விரிசல்களின் இடைவெளியே பாறையின் அளவைத் தீர்மானிக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வெல்லம் கரைந்து மறையும், பாறை மறையாது. அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் களிமண்ணாகிறது, இரும்புள்ள கனிமங்கள் துருவேறிப் பருக்கின்றன. பருத்ததால் பாறையின் மேல்பரப்பு ஏடு ஏடாகக் கழன்று, உருண்டையைச் சுற்றி உதிரியான செம்மண் சரளையாகக் கூடுகிறது.

அந்தச் சரளைதான் இந்த ஊர்களின் உயிர். கடினப் பாறை நீரைச் சேமிக்காது. மக்கிய பாறையே சேமிக்கும். மலையைச் சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகளில் நீர் ஊறுவதும், மழை ஓய்ந்த பிறகும் சில நாள் ஓடைகள் ஓடுவதும், அந்நீர் ஏரிகளைத் தொட்டுத் தென்பெண்ணைப் படுகைக்கு இறங்குவதும் இந்த அடுக்கின் தயவால்தான்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க மலையேற வேண்டியதில்லை. பௌர்ணமி அல்லாத ஒரு நாள் விடியலில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்தால் போதும். மேற்கே அடி அண்ணாமலை பக்கம் கூட்டமும் கடைகளும் குறைந்து மலை தெளிவாகத் தெரியும். அருகருகே நிற்கும் இரண்டு பாறைகளின் விரிசல் ஒரே கோட்டில் நேராகப் போனால் அவை பிறந்த இடத்தை விட்டு நகராதவை. ஏடு உரியும் தோல் இருந்தால் இன்னும் உறுதி. ஓடைப் படுகையில் சிறிதும் பெரிதுமாகக் கலந்து, தாறுமாறாகச் சாய்ந்து கிடப்பவை வேறு: அவை வெள்ளத்தோடு வந்தவை. கிணறு தோண்டும் இடம் கண்ணில் பட்டால் ஒதுங்கி நின்று பாருங்கள். சரளைக்குள் பதிந்த உருண்டைகள் இன்னும் வெளிச்சம் பார்க்காமல் இருக்கும்.

நடை ஒரு மலையைக் காட்டும். சைக்கிள் பல மலைகளை ஒப்பிட வைக்கும். திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே செஞ்சிச் சாலையில் மிதித்தால், செஞ்சியை நெருங்க நெருங்கக் குன்றுகள் மண்ணை இழந்து வெறும் பாறைக் குவியலாகி நிற்பதைப் பார்க்கலாம். அங்கே சரளை பெரும்பாலும் அடித்துப் போய், உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. யாரோ தூக்கி வைத்ததுபோல் தோன்றும் அந்த அடுக்குகளை யாரும் வைக்கவில்லை. இடையிலிருந்த மண் போனதும் மேலிருந்தவை கீழிருந்தவற்றின் மேல் அமர்ந்தன. மாமல்லபுரத்தில் கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை என்று படமெடுத்துக்கொள்கிறோமே, அதுவும் இப்படி மிஞ்சிய பாறைதான்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வரலாம். அண்ணாமலையின் சரிவில் இருக்கும் உருண்டைகள் பல இன்னும் சரளையின் மேலும் சரளைக்குள்ளும்தான் இருக்கின்றன. பெருமழையில் அந்தச் சரளை நீரை உறிஞ்சிக் கனக்கிறது. மணிகளுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏற, ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி தளர்கிறது. மண் நகர்ந்தால் பாறையும் கூடவே போகும். மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். மலையைப் பசுமையாக்கப் பல ஆண்டுகளாக உழைத்தவர்களின் பணி பெரிது. வேர்கள் மேல்மண்ணைப் பிடிக்கும், ஓடும் நீரை மட்டுப்படுத்தும். ஆனால் வேர் எட்டாத ஆழத்தில் நீர் தேங்கினால் வேரால் அதைத் தடுக்க முடியாது. அங்கே முதலில் உதவுவது நீரை வெளியேற விடும் ஓடைதான்.

எனவே, சரிவின் அடியை வெட்டி வீட்டுமனை போடுவதும், வறண்டு கிடக்கிறதே என்று ஓடையை அடைத்துச் சுவர் எழுப்புவதும் பாறைக்கு அடியிலிருந்து படுக்கையை உருவுவதற்குச் சமம். ஒரு மீட்டர் பாறை மக்கிச் சரளையாகப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். பொக்லைனுக்கு ஒரு பிற்பகல் போதும். அடிவாரத்தில் மனை வாங்க நினைப்பவர் பட்டாவைப் பார்ப்பதோடு, மேலே இருக்கும் பாறை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்று ஒரு மழைநாளில் நேரில் நின்று பார்க்க வேண்டும். மாநகராட்சியும் வனத்துறையும் அனுமதிக்கும் முன்பு அதே இரண்டையும் பார்த்தாக வேண்டும்.