ஏலக்காய் ஏலமும் பத்து வருஷ பாண்டும்

2025 ஜூன் 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஒரே அடியாக அரை சதவீதம் குறைத்து 5.5-க்குக் கொண்டு வந்தது. பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் குறைத்த கால், கால் சதவீதத்தையும் சேர்த்தால் நாலு மாசத்துல ஒரு சதவீதம். அப்படின்னா மத்திய அரசு வாங்கும் பத்து வருஷக் கடனின் வட்டியும் இறங்கியிருக்கணும்ல? மே முடியும்போது 6.3-க்குக் கீழே இருந்த அந்த வட்டி, ஆகஸ்ட் கடைசியில் 6.6-ஐ ஒட்டி நின்றது. இறங்கவில்லை, ஏறிவிட்டது!

ஏன்னு பார்க்க முதலில் ரெப்போவிலிருந்து தொடங்குவோம். வங்கிகள் தங்களிடம் உள்ள அரசுப் பத்திரங்களைக் கொடுத்து ரிசர்வ் வங்கியிடம் சில நாட்களுக்குப் பணம் வாங்குகின்றன. அதற்கான வட்டிதான் ரெப்போ. மிச்சப் பணத்தை ரிசர்வ் வங்கியிலேயே போட்டு வைத்தால் ரெப்போவை விட கால் சதவீதம் கம்மியாகக் கிடைக்கும். ராத்திரி அவசரத்துக்கு வாங்கினால் கால் சதவீதம் கூட. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு ஒரு நாள் கடன் கொடுக்கும் வட்டி பெரும்பாலும் இந்த இரண்டு கோடுகளுக்குள்தான் ஓடும். (கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் அரியர் வச்சிருக்கிறவங்களுக்குக்கூட இது புரியும்.) ரெப்போவைக் குறைத்தால் இரண்டு கோடுகளும் சேர்ந்து இறங்கும்.

அந்த ஜூன் 6 அன்றே இன்னொரு அறிவிப்பும் வந்தது. அப்போ டெபாசிட்டில் நூற்றுக்கு 4 ரூபாயை வங்கிகள் ரிசர்வ் வங்கியில் சும்மா வைத்திருக்க வேண்டியிருந்தது. அது செப்டம்பர் தொடங்கி நவம்பருக்குள் நாலு தவணையில் 3 ரூபாய் ஆகும் என்றார்கள். கிட்டத்தட்ட 2.5 லட்சம் கோடி ரூபாய் வங்கிகள் கைக்கு வரும் கணக்கு. அதனால் குறுகிய காலக் கடன் சந்தை சொன்ன பேச்சைக் கேட்டது. வருஷ ஆரம்பத்தில் 6.5-க்கு மேல் இருந்த 91 நாள் டிரஷரி பில் வட்டி ஜூனில் 5.4-ஐ ஒட்டி வந்துவிட்டது.

பத்து வருஷ பாண்டு அப்படி இல்லை. அதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் ஏல ஹாலே போதும். போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்-ஏலம் நடக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வியாபாரி இன்றைய காயை மட்டும் பார்த்தா விலை கேட்கிறார்? மேலே மழை எப்படி, அடுத்த பறிப்பில் எவ்வளவு மூட்டை இறங்கும், எல்லாம் அந்த ஒரு விலைக்குள் இருக்கும். வரத்து கூடும் என்று நினைத்தால் இன்றைக்கே விலையைக் குறைத்துக் கேட்பார்.

அரசு பாண்டும் ரிசர்வ் வங்கி நடத்தும் ஏலத்தில்தான் விற்கிறது. 100 ரூபாய் பாண்டு, வருஷத்துக்கு 7 ரூபாய் வட்டி, பத்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது பாண்டுகள் 6 சதவீதம்தான் தருகின்றன என்றால் பழசுக்குக் கிராக்கி. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க, சுமார் 107 ரூபாய் 36 பைசா வரும். இன்னும் ஒரே வருஷம் பாக்கி உள்ள பாண்டுக்கு 100 ரூபாய் 94 பைசாதான். வட்டி இறங்கினால் விலை ஏறும், வட்டி ஏறினால் விலை இறங்கும். காலம் நீளமாக இருந்தால் ஆட்டமும் பெரிசு.

இப்போ ஜூனுக்கு வருவோம். வட்டி இறங்கப்போகிறது என்று சந்தை முன்கூட்டியே வாங்கித் தள்ளியதால்தான், வருஷ ஆரம்பத்தில் 6.8-ஐ ஒட்டி இருந்த வட்டி மே மாசத்திலேயே அவ்வளவு இறங்கியிருந்தது. ஜூன் 6-ல் வட்டியைக் குறைத்த கையோடு ரிசர்வ் வங்கி தன் நிலைப்பாட்டை ‘தளர்வு’ என்பதிலிருந்து ‘நடுநிலை’க்கு மாற்றியது. இனிக் குறைக்க இடம் கொஞ்சம்தான் என்றார் ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா. வாங்கி வைத்தவர்களுக்கு அதுவே போதும். ஆகஸ்ட் 15-ல் ஜிஎஸ்டி குறைப்பு அறிவிப்பு வந்தது. வரி வருமானம் குறைந்தால் அரசு கூடுதலாகக் கடன் வாங்கும், அதாவது ஏலத்துக்கு மூட்டை கூடும் என்ற பயம். விலை இறங்கியது, வட்டி ஏறியது.

வரத்து கூடும்போது பெரிய வாங்குபவர் ஒருவர் உள்ளே வந்தால் கதை மாறும். 2021-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை 1 லட்சம் கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் வாங்குகிறோம் என்று ரிசர்வ் வங்கியே முன்கூட்டிச் சொன்னது. நீண்ட கால வட்டியை இறக்கணும்னா ரெப்போ மட்டும் போதாது, இப்படிச் சந்தையில் இறங்கி வாங்கவும் வேண்டியிருக்கும்.

சரி, நமக்கென்ன? வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன், தனிநபர் கடன், சிறுதொழில் கடன் எல்லாம் 2019 அக்டோபரிலிருந்து ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது திருத்தியாகணும். கடன் வாங்கிக் காய் பிடிக்கும் சின்ன வியாபாரிக்கு இது நேரடி லாபம். அதே நேரம், ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியில் மருந்து வாங்கும் உங்க அப்பத்தாவுக்கு, பழைய டெபாசிட் முடிந்து புதுசு போடும் அன்றைக்குத்தான் வலி தெரியும். வட்டிக் குறைப்பை டிவியில் கைதட்டி அறிவிக்கும்போது இவரை யாரும் நினைப்பதில்லை.

உங்க பேர்ல கல்விக்கடன் இருந்தால், வங்கி கொடுத்த அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பாருங்க. ரெப்போவோடு கட்டியிருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் வட்டியைத் திருத்தினார்கள் என்று கிளையில் கேளுங்க. 2025 டிசம்பர் 5-ல் ரெப்போ 5.25-க்கு இறங்கிய பிறகும் உங்க கணக்கில் பழைய வட்டியே ஓடினால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்க.