அடும்பும் மணலும்: மன்னார்க் கரையோரம் பற்றிய ஒரு குறிப்பு

நெய்தலின் கருப்பொருள்களுள் ஒன்றாக அடும்பினைப் பாடநூல்கள் பட்டியலிடுகின்றன. அது இன்றும் மன்னார்த் தீவின் கரைகளில் படர்ந்து பூக்கும் கொடி என்பதை நம் இலக்கிய மாணவருட் பலர் அறியார். குறுந்தொகையின் 243ஆம் செய்யுள் அதன் பிளவுண்ட இலையில் மானடியைக் கண்டது. 1753இல் லின்னேயசு இட்ட இலத்தீன் பெயர் ஆட்டின் பாதத்தைக் கண்டது.

அடும்பு பல்லாண்டு வாழும் கொடி. ஊதாநிறப் பூ காலையில் விரிந்து அன்றே வாடும். உப்புக்காற்றையும் சுடுமணலையும் தாங்கிக் கணுக்கள்தோறும் வேரிறக்கும். மணல் மூடினால் மேலெழுந்து மீண்டும் படரும். காற்றிலோடும் மணல் அதில் தடைப்பட்டுக் குவிகின்றது. மணல்மேட்டின் தொடக்கம் இதுவே. இராவணன் மீசை போன்றவையும் அதனை நிலைப்படுத்துகின்றன.

வளர்ப்பது கடினமன்று. கடலில் மிதந்து செல்லும் விதையின் வன்தோல் நீரை உட்புகவிடாது. ஒருபுறம் தேய்த்து, ஓரிரவு ஊறவைத்தே விதைத்தல் வேண்டும். தண்டுத் துண்டுகள் இதனினும் எளியவை. மூன்று நான்கு கணுக்கள் கொண்ட துண்டுகளை, கடற்பெருக்கு எட்டாத மணலில், இரு கணுக்களேனும் புதையுமாறு கிடையாக நடலாம். வறண்ட மன்னாருக்கு வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசியே ஏற்ற காலம். எருவும் செம்மண்ணும் வேண்டா. ஆடுமாடுகளும், மன்னாரில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளும் மிதியாவண்ணம், வேர்பிடிக்கும்வரை பனைமட்டை வேலி போதும். கரைவலைப் பாடுகளை மட்டும் விலக்கியே நடுதல் வேண்டும்.

'கடற்கரையை அழகுபடுத்தல்' என்றதும் அடும்பைச் செதுக்கி, நன்னீர் குடிக்கும் புற்றரை அமைப்பது வழக்கமாகிவிட்டது. அழகு பற்றிய இக்கருத்து கரையில் உழைப்போருடையதன்று. கரையை விடுமுறைக் காட்சியாகக் காணும் வர்க்கத்தினுடையது. (பள்ளிமுனையின் பெருக்கமரம் வெளியிலிருந்து வந்தது, அதனைப் பார்க்கப் பயணிகள் வருகின்றனர். மண்ணுக்குரிய அடும்பைத் தேடி எவரும் வருவதில்லை.)

ஆயினும் புற்றரையினும் பெரிய கேடு கனிய மணல் அகழ்வாகும். தீவின் மணலிலுள்ள இல்மனைற்றைக் குறிவைத்த முயற்சிகளுக்கும், காற்றாலை விரிவாக்கத்துக்கும் எதிராக 2025இல் மன்னார் மக்கள் தொடர்ந்து போராடினர். அகழ்ந்தபின் செடிகளை மீள நட்டுவிடலாம் என்பது இத்தொழிலின் வழமையான வாதம். கொடியை நடலாம், காற்றும் கொடியும் நெடுங்காலம் சேர்ந்து கட்டிய மேட்டை நட இயலாது. தாழ்நிலமான தீவில் அம்மேடு கடலுக்கு அணை; அம்மணலிலேயே குடிநீரும் தங்குகின்றது. எனவே அடும்பு நடுகை அகழ்வுக்கு ஈடாக முன்வைக்கப்படுமாயின் அதனை ஏற்றல் தகாது. எஞ்சியுள்ள மேடுகளைக் காக்கும் பணியாயின், அதனை மீனவர் சங்கங்களிடமே ஒப்படைத்தல் வேண்டும்: தோணி எங்கே ஏறும், மணல் எங்கே தங்கும் என்பதை அவர்கள் அறிவர்.